எட்டுக் கேள்விகளும் ஒரு கலியாண விசாரிப்பும்

வீடுகளில் சாப்பாட்டுக்கு எவ்வளவு தட்டுப்பாடு இருக்கிறது என்று நாடு முழுவதும் அளக்கிறார்கள், யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஆட்கள் தேவை என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். மோட்டார் சைக்கிள் இருக்கவேண்டும், தமிழ் சரளமாக வாசிக்கவேண்டும், சனத்தோடு பொறுமையாகக் கதைக்கவேண்டும். முதல் இரண்டும் என்னிடம் இருந்தன. கூடுதலாக ஒரு தொந்தியும் இருந்தது. அதை அவர்கள் கேட்கவில்லை. நானும் விண்ணப்பத்தில் குறிப்பிடவில்லை.

குறிப்பிட்டவள் என் மனைவி.

“உந்த வயித்தைக் கொண்டுபோய் ஒரு வீட்டுப் படலையிலை வைச்சு, சாப்பாடு காணுமோ எண்டு கேட்டால் சனம் என்னெண்டு நினைக்கும்? மிச்சமிருக்கிறதையும் சாப்பிட வந்திருக்கிறானெண்டெல்லே நினைக்கும்.”

“சனத்துக்கு நம்பிக்கை வரும். இவர் எங்கடை சாப்பாட்டுக்கு ஆசைப்படமாட்டாரெண்டு.”

“உங்களை அறியாத சனம் நம்பும்.”

கோப்பாயில் வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் கணித வகுப்பு நடத்தியவன் நான். பிள்ளைகள் முதலில் பட்டணத்துப் பெரிய வகுப்புகளுக்குப் போனார்கள்; பிறகு கைத்தொலைபேசிக்குள் போனார்கள். அவர்கள் இருந்து படித்த வாங்குகளும் நானும் மிஞ்சினோம். ஆகவே போனேன்.

பயிற்சி ஒரு விடுதியில் நடந்தது. காலை முழுவதும் பசியின் படிகளைப் பற்றிப் படித்தோம். மதியம் கதவைத் திறந்தால் நீள மேசையில் கோழி, இறால், மூன்று வகைக் கறி, புடிங். பசியை அளக்கப் படித்த கையோடு நான் இரண்டாம் தரமும் கோழிக்குப் போனேன். பயிற்றுவித்த அம்மையார் என் தட்டைப் பார்த்தார்.  பின்னேர வகுப்பில், “சிலர் தேவைக்கு அதிகமாகவும் சாப்பிடுவார்கள், அது நமது ஆய்வில் இல்லை” என்றார்.

கேள்விகள் எட்டு. எல்லாம் கடந்த பன்னிரண்டு மாதத்தைப் பற்றியவை. எல்லாவற்றிலும் ‘காசோ வேறு வசதியோ இல்லாத காரணத்தால்’ என்றொரு துண்டு ஒட்டியிருக்கும். சாப்பாடு போதாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டீர்களா என்பது முதல் கேள்வி. அங்கிருந்து படி இறங்கிக்கொண்டே போகும். சத்தானது கிடைக்காமல் போனதா, ஒரே வகையோடு சமாளித்தீர்களா, ஒரு நேரத்தை விட்டீர்களா, குறைத்துச் சாப்பிட்டீர்களா, வீட்டில் சாமான் முடிந்துபோனதா, பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா, கடைசியாக, ஒரு நாள் முழுவதும் பட்டினி கிடந்தீர்களா. பதில் ‘ஓம்’ அல்லது ‘இல்லை’. இதனால் அந்த வீட்டுக்கு நிவாரணமும் கிடையாது, ஒரு பை மாவும் கிடையாது. ஆயிரம் வீடுகளின் ஓமையும் இல்லையையும் சேர்த்துக் கொழும்பில் கூட்டிக் கழித்தால், எந்த மாவட்டம் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியவருமாம்.

கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லக்கூடாது. எவருக்கும், எக்காரணம் கொண்டும். நான் வாசிக்காமலே கையெழுத்து வைத்தேன். அதற்குள் தேநீரும் கேக்கும் வந்துவிட்டன.

அந்தக் கையெழுத்துக்கு மரியாதை செய்து இங்கே ஊர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். இணுவில் என்று எழுதினால் அது இணுவில் அல்ல. புத்தூர் என்றால் புத்தூர் அல்ல. கோப்பாய் மட்டும் கோப்பாய்தான். அது என் வீடு, அதன் மானத்துக்கு நான் பொறுப்பு.

இணுவிலில்தான் முதல் பிழை விட்டேன். ஒரு தோட்டக்காரர் வீடு. அவர் தோட்டத்தில் நின்றார், மனைவி இருந்தார். ஏழு கேள்விக்கும் ‘இல்லை’ என்று நிதானமாகச் சொல்லி வந்தவர் எட்டாவதுக்கு முகம் மலர்ந்தார்.

“ஓம் தம்பி. ஆறு நாள். தண்ணியும் தீர்த்தமும் தான்.”

“ஆறு நாளோ?”

“கந்தசட்டி விரதம். வருசா வருசம் பிடிக்கிறனான். இந்த முறை இளநியும் குடிக்கேல்லை.”

அந்தப் பெருமையை எப்படி ‘இல்லை’ என்று பதிவது? விரதம் முடித்த பாரணை வரைக்கும் கேட்டுவிட்டு, அவர்கள் தந்த கைக்கருவியில் ‘ஓம்’ என்று தட்டினேன். பின்னேரம் மேற்பார்வையாளர் அழைத்தார்.

“மாஸ்டர், ஒருநாளும் சாப்பாட்டுக்குக் கவலைப்படாத வீடு, ஒரு நேரமும் விடாத வீடு, நாள் முழுக்கப் பட்டினி கிடந்திருக்கு. இது என்ன கணக்கு?”

“முருகன் கணக்கு.”

“திருப்பிப் போங்கோ.”

திரும்பிப் போனபோது மனைவி கோயிலுக்குப் போயிருந்தார், தோட்டக்காரர் இருந்தார். மழைக்கு வெங்காயம் அழுகிய வருஷம் அது. நான் வந்த காரணத்தைச் சொல்ல, சிரித்தார். “அவவிட்டைக் கேட்டால் விரதம்தான் சொல்லுவா. என்னைக் கேளுங்கோ” என்று கதிரையை இழுத்துப் போட்டார். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் எடுத்தார். பிறகு மற்றவற்றுக்கும். என்ன சொன்னார் என்று இங்கும் எழுதமாட்டேன். குரல் இறங்கியது என்று மட்டும் எழுதலாம். நான் எழுந்தபோது, “இது வெளியிலை போகாது தானே மாஸ்டர்?” என்று கேட்டார். “செத்தாலும் போகாது” என்றேன். யார் செத்தால் என்று சொல்லவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு புத்தூர்.

நீலக் கேற் போட்ட ஒரு வீடு. கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் பையுமாக நின்று, “அம்மா, ஒரு கணக்கெடுப்பு” என்றேன். வந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். உடனே முந்தானையைச் சரிசெய்தார். உள்ளே திரும்பி, “பிள்ளை, அந்தப் புதுக் கதிரையைக் கொண்டா” என்றார்.

மற்ற வீடுகளில் எனக்குக் கிடைத்தவை பிளாஸ்டிக் கதிரைகள். இது குஷன் போட்டது. எங்கள் வேலையின் மகிமை புத்தூர்வரை வந்துவிட்டது என்று நினைத்து அமர்ந்தேன். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக் கை ஒன்று மூடிய தட்டொன்றை நீட்டியதும், இந்த வீட்டுக் கை அதை வாங்கியதும் எனக்குத் தெரிந்தது. சற்று நேரத்தில் அந்தத் தட்டிலிருந்த உளுந்துவடை பீங்கான் கோப்பைக்கு மாறி என் முன்னால் வந்தது. எதையும் ஏற்கக்கூடாது என்பது விதி. நான்கு ஏற்றேன்.

“சாப்பாடு போதாமல் போய்விடுமோ எண்டு கவலைப்பட்டனீங்களோ?”

“எங்கடை வீட்டிலையோ? கூடிப்போய்ப் பழுதாப்போகுதெண்டுதான் கவலை.”

“சத்தான சாப்பாடு…”

“நாளுக்கொரு மீன். செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி, அது ஐஞ்சு கறி. பிள்ளைக்கு முட்டை. இவள் பாருங்கோ, சமைச்சால் ஒழுங்கை முழுக்க மணக்கும். தையலும் தெரியும்.”

தையலுக்கு என்னிடம் கட்டம் இருக்கவில்லை.

“ஒரு நேரத்தை விட்டனீங்களோ?”

“இந்த வீட்டிலை ஆரும் வந்து வெறும் வயித்தோடை போனதில்லை. பக்கத்திலை கேட்டுப் பாருங்கோ.” கேட்க வேண்டியிருக்கவில்லை. வேலிக்கு மேல் பக்கத்து வீட்டுத் தலை எழுந்து, “குடும்பமெண்டால் இதுதான் குடும்பம்” என்று சாட்சி சொல்லி இறங்கியது.

எட்டுக்கும் ‘இல்லை’. கருவியை மூடப்போனேன். அம்மா முன்னுக்குச் சரிந்து, குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, கேக்கிறனெண்டு குறை நினையாதேங்கோ. நீங்கள் மாப்பிள்ளைக்கு என்ன முறை?”

“எந்த மாப்பிள்ளைக்கு?”

“எங்களுக்கு விளங்கும் தம்பி. போன வருசம் அந்த முன் வீட்டுப் பிள்ளைக்கு விசாரிக்க வந்தவர் மாடு வாங்கிறனெண்டு கயிறோடை வந்தவர். நீங்கள் அட்டையோடை வந்திருக்கிறியள். படிச்ச ஆக்கள் போலை.”

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசினால் சாதகம் பொருந்துவதோடு வேலை முடியாது. மாப்பிள்ளை பகுதி ஆள் விட்டு விசாரிக்கும். வருகிறவர் ஏதாவது சாட்டோடுதான் வருவார். இந்த வீட்டில் குறிப்புப் பொருந்தி, புறோக்கர் ‘இனி எந்த நாளும் ஆள் வரலாம்’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஆளாக நான் போய்க் குஷனில் இருந்து வடை தின்றிருக்கிறேன்.

நான் மாப்பிள்ளைக்கு ஒரு முறையும் இல்லை என்று நம்பவைக்கப் பட்ட பாடு, கணக்கில் பெயிலானவனுக்குக் கேத்திரகணிதம் படிப்பித்த பாடு. மேற்பார்வையாளரையே தொலைபேசியில் கதைக்க வைத்தேன். கடைசியில் நம்பினார். முகம் வாடியது. வடைக் கோப்பையைப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை.

“அப்ப இது கொழும்புக்குப் போற கணக்கோ?”

“ஓமம்மா. பேர் போகாது.”

“நான் சொன்னபடியே இருக்கட்டும் தம்பி. மாப்பிள்ளையின்ரை ஆக்களிலை ஒருத்தர் கச்சேரியிலை அரசாங்க உத்தியோகம். இந்த வீட்டிலை அடுப்பு எரியிறது குறைவெண்டு ஆரும் கேள்விப்பட்டால் இந்தக் கலியாணம் நிண்டுபோம். இவளுக்கு இதுக்கு முதல் ரெண்டு நிண்டது. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்.”

கெஞ்சிக் கேட்பதும் வற்புறுத்துவதும் எங்கள் விதியில் இல்லை. எழுந்தேன். கேற்றைத் திறக்க மகள் கூட வந்தாள். முப்பது தாண்டிய பிள்ளை, முன்பள்ளி ரீச்சர்.

“அங்கிள், திருப்பிக் கேளுங்கோ.”

“என்னத்தை?”

“அந்த எட்டையும். இஞ்சை சமைக்கிறது நான். எவ்வளவு அரிசி போடுறனெண்டு அம்மாவுக்குத் தெரியாது.”

“உமக்கு இந்தக் கலியாணம் விருப்பமில்லையோ பிள்ளை?”

“நல்ல விருப்பம். அவரோடை கதைச்சிட்டன்.” சிரித்தாள். “ஆனா நான் மாசாமாசம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளின்ரை நிறை எடுத்து அனுப்புறனான். ஒரு முறை பெற்றோர் வெக்கப்படுகினமெண்டு கூட்டிப் போட்டன். பேந்து சத்துமாவை நிப்பாட்டிப் போட்டினம். நீங்கள் கேளுங்கோ.”

எங்களுக்குப் பின்னால் அம்மா படியில் நின்றதை நான் பார்த்தேன். தடுப்பார் என்று நினைத்தேன். வேலிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, “சொல்லுறதெண்டால் மெல்லமாச் சொல்லு” என்றார்.

மெல்லமாகச் சொன்னாள். நான் பதிந்தேன். தாயின் பதில்களும் மகளின் பதில்களும் ஒன்றாக இருக்கவில்லை. அதற்கு மேல் எழுதமாட்டேன். தின்ற நான்கு வடையையும் எண்ணிப் பார்த்தேன். மனைவி சொன்னது சரிதான். மிச்சமிருந்ததைத் தின்ன வந்தவனாகத்தான் போயிருக்கிறேன். அதுவும் பக்கத்து வீட்டு மிச்சம்.

“ஆரும் கேட்டால்…” என்று மகள் இழுத்தாள்.

“எனக்கு மாப்பிள்ளை வீட்டை ஆரெண்டும் தெரியாது பிள்ளை, பயப்பிடாதையும்” என்றேன்.

தெரிந்திருந்தது. அது எனக்குத்தான் தெரியாது.

ஒரு ஞாயிறு காலை படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம். இணுவில் தோட்டக்காரர், கையில் கத்தரிக்காய்ப் பையோடு. “இந்தப் பக்கம் வந்தனான் மாஸ்டர்” என்றார். இணுவிலிலிருந்து கோப்பாய்க்கு எவரும் சும்மா ‘இந்தப் பக்கம்’ வருவதில்லை. மனைவி தேத்தண்ணீர் போடக் குசினிக்குப் போனாள். வெங்காய விலை, மழை, பீடைநாசினி எல்லாம் கதைத்து முடித்து, அவர் தொண்டையைச் செருமினார்.

“புத்தூர்ப் பக்கமும் உங்கடை கணக்கெடுப்பு நடந்ததாம். நீலக் கேற் வீட்டுக்கும் போனனீங்களாம். புறோக்கர் சொன்னவர்.”

நான் கத்தரிக்காய்ப் பையைப் பார்த்தேன்.

“எங்கடை மூத்தவனுக்கு அங்கை பேசியிருக்கு. பிள்ளை நல்ல பிள்ளையாம். மற்றவையை விசாரிச்சால் எல்லாரும் நல்லதுதான் சொல்லுவினம். நீங்கள் உள்ளுக்குப் போய்ப் பார்த்த ஆள். கஷ்டப்பட்ட வீடோ மாஸ்டர்? பேந்து எல்லாச் சுமையும் பெடியன்ரை தலையிலை வந்து விழுமோ?”

“அண்ணை, அது நான் சொல்லக்கூடாது.”

“சரி.” தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “விளங்குது.”

என்ன விளங்கியது என்று எனக்கும் விளங்கியது. கலியாண விசாரிப்பில் எங்கள் ஊரில் ‘சொல்லக்கூடாது’ என்று ஒரு பதில் இல்லை. நல்ல குடும்பமென்றால் ‘தங்கமான சனம்’ என்பார்கள். பரவாயில்லை என்றால் ‘எங்களுக்கு ஒரு கரைச்சலும் தந்ததில்லை’ என்பார்கள். மிக மோசமென்றால்தான், ‘எனக்கு அவ்வளவாய்ப் பழக்கமில்லை, வேறை ஆரிட்டையும் கேளுங்கோ’ என்று வானத்தைப் பார்ப்பார்கள். நான் வானத்தைத்தான் பார்த்திருக்கிறேன். பயிற்சியில் வைத்த கையெழுத்து புத்தூரில் ஒரு பிள்ளையின் மூன்றாவது கலியாணத்தையும் நிறுத்தப்போகிறது. பொய் சொல்லி ‘குறையில்லாத வீடு’ என்றால், அதுவும் ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொன்னதுதான், திரித்துச் சொன்னது.

அவர் எழுந்து ஒரு செருப்பைப் போட்டார். குசினி வாசலில் நின்ற மனைவி என்னைப் பார்த்த பார்வையில் எட்டுக் கேள்வியும் இருந்தன.

“அண்ணை, ஒருக்கால் இருங்கோ,” என்றேன். “நான் ஒண்டு கேக்கிறன். புத்தூரிலை இருந்து பொம்பிளை பகுதி நாளைக்கு இஞ்சை வந்து, இணுவிலிலை உங்கடை வீடு எப்பிடியெண்டு என்னைக் கேட்டால், நான் என்ன சொல்லவேணும்?”

அவர் ஒரு செருப்போடு நின்றார்.

“அவையும் விசாரிப்பினமோ?”

“பிள்ளையைக் குடுக்கிற ஆக்கள் விசாரியாமல் விடுவினமோ?”

மற்றச் செருப்பைப் போடாமல் வந்து திரும்பவும் அமர்ந்தார். எங்கள் வீட்டுக் கோழி ஒன்று அந்தச் செருப்பைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. 

“சொல்லக்கூடாதெண்டு சொல்லுங்கோ” என்றார்.

“அதைத்தான் அண்ணை சொன்னனான். எந்த வீட்டைக் கேட்டாலும் அதுதான் பதில். மாளிகையைக் கேட்டாலும் அதுதான். அதிலை ஒரு அர்த்தமும் இல்லை.”

“அப்ப உம்மட்டை வந்து ஒரு பிரயோசனமும் இல்லை.”

“ஒண்டுமில்லை. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தவை.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். முதலில் வாயால், பிறகு வயிற்றால். மனைவியைப் பார்த்து, “தங்கச்சி, உந்த மனுசனோடை எப்பிடிக் காலம் தள்ளுறியள்?” என்றார்.

“சொல்லக்கூடாது அண்ணை” என்றாள் அவள்.

போகும்போது, மோட்டார் சைக்கிளை உதைக்காமல் கொஞ்ச நேரம் அதில் இருந்தார். “வெங்காயம் ஒருக்கால் அழுகினால் ஒரு குடும்பம் கூடாத குடும்பமாய்ப் போகாது தானே மாஸ்டர்” என்றார். அது எந்தக் குடும்பத்தைப் பற்றியது என்று அவர் சொல்லவில்லை. நீலக் கேற் வீட்டில் எவரும் வெங்காயம் வைக்கவில்லை என்று நானும் சொல்லவில்லை. கத்தரிக்காய்ப் பையைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். எதையும் ஏற்கக்கூடாது என்ற விதியை அன்றும் மீறினேன். குழம்பு நன்றாக இருந்தது.

கலியாணம் நடந்தது. சித்திரைக்குப் பிறகு, இணுவில் பக்கத்து மண்டபம் ஒன்றில். சாப்பாடு சிறப்பு, பதினொரு கறி, பாயசம் இரண்டு வகை என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. பொம்பிளை வீட்டிலிருந்தும் வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்கு வந்திருந்தது.

“ரெண்டு குசினிக்குள்ளையும் போய்ப் பார்த்த மனுசனை ஆர் பந்தியிலை வைச்சுப் பார்த்துக்கொண்டு நிப்பினம்?” என்றாள் மனைவி. “நீங்கள் ஒரு வடையை எடுத்துக் கடிச்சாலே அவைக்கு எட்டாம் கேள்வி ஞாபகம் வரும்.”

நியாயம்தான். அன்று மதியம் எங்கள் வீட்டில் புட்டும் சம்பலும். நான் மூன்றாம் தரமும் கேட்டேன்.

பிறகு ஒரு நாள் பருத்தித்துறை பஸ்ஸில் அவர்களைக் கண்டேன். மோட்டார் சைக்கிள் திருத்தக் கொடுத்திருந்தேன். நிற்க இடமில்லாமல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஆசனத்தில் அந்த ரீச்சரும் புதுக் கணவனும். அவள் என்னைக் கண்டாள். கண்டதைக் கண்ணில் காட்டவில்லை. கணவன் என்னையும் என் வயிற்றையும் பார்த்துவிட்டு, “ஆர் உவர், தெரியுமோ? உம்மைப் பார்க்கிறார்” என்று அவளிடம் மெல்லக் கேட்டான்.

“தெரியாது” என்றாள். “பாவம், இருக்க இடம் குடுங்கோ.”

அவன் நல்ல பெடியன். எழுந்து, “இருங்கோ ஐயா” என்றான். நான் அவள் பக்கத்தில் அமர்ந்தேன். ஆசனத்தில் பாதிக்கு மேல் நானே நிறைந்தேன். அவள் யன்னல் பக்கம் ஒதுங்கி இடம் தந்தாள். புத்தூர்ச் சந்தி வரைக்கும் நாங்கள் இருவரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.